1970இல் பெய்த மழை

தெல்கஹமலைத் தோட்டம்,
மேல்கணக்கு,
இறக்குவானை.
24.05.2007

ஜெனிற்றாவுக்கு,

சுகம் விசாரித்து எழுதும் கடிதம் அல்ல இது. பதில் எழுதுவதாக இருந்தால் தோட்டத்து முகவரிக்கு எழுதாதே. லயத்துக்கு வரும் கடிதங்கள் ஆபீசில் தங்கித்தான் வருகின்றன. சில பிரித்து ஒட்டியும் வருகின்றன. இறக்குவானை பஸாரில் சாலி நானாவின் கடைக்கு என் பெயர் போட்டு அனுப்பு. அவர் எடுத்து வைப்பார்.

இந்த மாதம் 9ஆம் திகதி மாலை நாலு மணிக்கு ஏழாம் நம்பர் லயத்தின் மேல் மலை சரிந்தது. வரிசையாக இருந்த பன்னிரண்டு காம்பிரா வீடுகளும் போய்விட்டன. அழகம்மா அக்கா செத்துப் போனார். பத்திரிகையில் ஒரு வரி வந்திருக்கும், நீ பார்த்திருக்க மாட்டாய்.

நேற்று முன்தினம் விசாரணை நடந்தது. இரத்தினபுரி மாவட்ட செயலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதன் தலைப்பில் உன் கம்பனியின் பெயர். மே 8ஆம் திகதி மழை: பூச்சியம். மே 9ஆம் திகதி மழை: பூச்சியம்.

மழையே பெய்யவில்லையாம். அப்படியானால் மலை ஏன் சரிந்தது? லயத்துக்குப் பின்னால் நாங்கள் போஞ்சியும் கோவாவும் என்று மரக்கறி போட்டு மண்ணைக் கிளறினோமாம், அதனால் சரிந்ததாம். இயற்கை அனர்த்தம் இல்லை என்பதால் புது வீடு தர வேண்டியதில்லையாம். பன்னிரண்டு குடும்பமும், பகலில் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பிராவில் தரையில் கிடக்கிறது.

அழகம்மா அக்காவின் புருஷன் ராமச்சந்திரன் அண்ணன் எழுந்து நின்றார். "ஐயா, எம் பொஞ்சாதிய சேத்துக்குள்ள இருந்து தூக்கையில மூணு பேரு கையும் வழுக்கிருச்சுங்க. மழ பேயாமயா வழுக்கும்?" என்றார். துரை அதிகாரியைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்: மனுஷர்கள் கவலையில் எதையும் சொல்வார்கள், மெஷின் பொய் சொல்லாது.

மழை அளக்கும் அந்த மெஷின் பெட்டியைக் கொண்டு வந்து வைத்தது யார்? மார்ச் மாதம் கம்பனி வேனில் வந்து இறங்கினாயே, நீதான். ஃபெக்டரி வாசலில் நான் நிற்கிறேன். உன் கூடப் பிறந்தவன். என்னைப் பார்த்து, துரைக்கு முன்னால், சிங்களத்தில் கேட்டாய்: "இங்கே எலக்ட்ரிஷியன் யார்?" நான் கையைத் தூக்கினேன். அப்புறம் நீ துரை பங்களாவுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனாய். உன் அண்ணி மரியாயி உனக்காக ரொட்டி சுட்டு வைத்திருந்தாள். அதை யார் தின்றது என்று கேட்காதே.

9ஆம் திகதி ஃபெக்டரி ரோலர்களை நிறுத்தியதற்கும், அனுமதி இல்லாமல் ஃபெக்டரி மாடியை லயத்து ஆட்களுக்குத் திறந்து விட்டதற்கும் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உன் பெட்டி 'மழை இல்லை' என்று சொன்னதால் என் மேல் இன்னொரு குற்றமும்: வீண் பீதி கிளப்பியது.

உன் பெட்டிக்குக் கண் இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் எழுது.

லியோன்

----

தெகிவளை,
29.05.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அழகம்மா அக்காவின் செய்தியை உங்கள் கடிதத்தில்தான் முதலில் படித்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பது போல அந்தப் பெட்டி வேண்டுமென்று ஒன்றும் செய்யாது. ஃபெக்டரிக் கூரையில் இருக்கும் சின்ன வாளியில் அரை மில்லிமீற்றர் மழை சேர்ந்தால் அது ஒரு தரம் கவிழும். பெட்டி அதை எண்ணும். மணிக்கு ஒரு தடவை தொலைபேசி வழியாகக் கொழும்புக்கு அனுப்பும். கணக்கு எல்லை மீறினால் கொழும்பிலிருந்து பங்களாவுக்கு எச்சரிக்கை போகும். இதில் எண்ணும் பகுதியை எழுதியவள் நான். நூறு தரம் சோதித்துத்தான் அனுப்பினேன். என் பகுதியில் பிழை இல்லை.

மூன்று விஷயம் எனக்குத் தெரிய வேண்டும். அந்த இரண்டு நாளில் கரண்ட் போனதா? போயிருந்தால் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது? பெட்டியின் சின்னத் திரையில் என்ன இருந்தது என்று பார்த்தீர்களா?

மார்ச் மாதத்தைப் பற்றி நான் இப்போது எழுதப் போவதில்லை. எழுதத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெனிற்றா

----

மேல்கணக்கு,
04.06.2007

ஜெனிற்றா,

'என் பகுதியில் பிழை இல்லை' என்ற வரியை மரியாயிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து போனாள். அவளைப் பற்றித் தெரிந்துகொள். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அவள். உன் பெட்டி இல்லை.

8ஆம் திகதி மதியத்திலிருந்து மழை. 9ஆம் திகதி மதியம் ஏழாம் லயத்துக்குப் போனவள் ஓடி வந்தாள். "இங்க பாருங்க, அங்க ஒரு வீட்டுக் கதவும் மூட முடியல. கதவு நெல கோணிருச்சு. பின்னால காண்ல மண்ணு கரைஞ்சு தண்ணி செவப்பா ஓடுது" என்றாள். நான் ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். கிளாக்கர் பங்களாவுக்குத் தொலைபேசி எடுத்தார். கொழும்பிலிருந்து எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை, வேலையைப் பார்க்கச் சொல் என்று பதில் வந்தது. நான் கொழுந்து அரைக்கும் ரோலர்களை நிறுத்தினேன். கொழுந்து வாட்டும் மாடியைத் திறந்தேன். ஆட்களை வரச் சொன்னேன். மூன்று மணிக்குள் நாற்பத்தாறு பேர் கொழுந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அழகம்மா அக்காவும் வந்துவிட்டார். அப்புறம் நினைவு வந்திருக்கிறது. மகனின் அடையாள அட்டைக்காக மறுநாள் கிராம சேவகரிடம் பிரஜாவுரிமைச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். அது காம்பிராவில் தகரப் பெட்டியில் இருந்தது. அந்தத் தாளுக்காக அவர்கள் எத்தனை வருஷம் அலைந்தார்கள் என்று உனக்குத் தெரியும். "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். நான் தடுத்திருக்க வேண்டும். அப்போது நான் இன்னொரு கிழவரைப் படியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

தகரப் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடிதான் கிடைத்தார். தாள் நனையவில்லை.

இனி உன் கேள்விகள். 8ஆம் திகதி காலை 10.20க்குக் கரண்ட் போனது. 11.40க்கு வந்தது. 9ஆம் திகதி மாலை 5 மணிக்கு மறுபடி போனது. 10ஆம் திகதி காலை 8 மணிக்கு வந்தது. இதெல்லாம் ஃபெக்டரி மின்சாரப் புத்தகத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஃபெக்டரி ஒஃபிசர் கீழே ஒப்பம் வைத்திருக்கிறார்.

திரையையும் பார்த்தேன். ஆட்களை ஏற்றும்போது சுவரில் அது எதிரே இருந்தது. 02-01-1970 என்று காட்டியது. நான் பிறந்தது எழுபத்திரண்டில். நீ எழுபத்தொன்பதில். நாம் பிறக்காத காலத்து மழையையா உன் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தது?

லியோன்

----

தெகிவளை,
10.06.2007

அண்ணே,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் இரண்டாம் தரமும் படித்தேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அது முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பதும் ஒரு கம்பியூட்டர்தான், மிகச் சின்னது. அதன் கடிகாரத்துக்குத் தனி பற்றரி வைக்கவில்லை. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அது 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று நினைத்துக்கொண்டு எழும். அதற்கு மருந்தாகப் பெப்ரவரியில் நான் ஒரு பெக்கேஜ் கட்டினேன். பெட்டி எழுந்தவுடன் கொழும்பைக் கூப்பிட்டு 'இப்போது மணி என்ன?' என்று கேட்டுத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் சேவை அது. பெட்டியின் மூளை வேறு வகை. எங்கள் கம்பியூட்டரில் உட்கார்ந்து அதற்கு விளங்குகிற விதமாகப் புரோகிராமைக் கட்டி, ஒரு பொட்டலமாக்கி, அதில் ஏற்ற வேண்டும். கட்டினேன், ஏற்றினேன், வேலை செய்தது.

பெட்டிகள் வெளியே போவதற்கு முதல் வாரம் எங்கள் பெரிய இஞ்சினியர் அதை எடுத்துவிடச் சொன்னார். இன்னொரு தடவை முழுவதும் சோதிக்க நேரம் இல்லை என்றார். "தோட்டத்துக்கு இவ்வளவு போதும்" என்றார். கூட்டத்தில் ஏழு பேர் இருந்தோம். ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் கொழும்புப் பக்கத்து வத்தளைக்காரி என்று ஆபீசில் சொல்லி வைத்திருந்தேன். தோட்டம் என்றால் உனக்கென்ன இவ்வளவு ரோஷம் என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். மார்ச்சில் ஃபெக்டரி வாசலில் அந்த இஞ்சினியர் என் பக்கத்தில் நின்றார். அதனால்தான் அப்படிக் கேட்டேன். காரணம் சொன்னதால் செய்தது சின்னதாகிவிடாது. நீங்கள் கையைத் தூக்கியபோது உங்கள் முகத்தை நான் பார்த்தேன் அண்ணே.

பெட்டி எண்ணியது. எண்ணிய கணக்கைக் கொழும்புக்கு அனுப்பவும் செய்தது. ஆனால் கொழும்புக் கம்பியூட்டர் 1970 என்ற திகதியைப் பார்த்து, பழைய கணக்கு என்று தள்ளிவிட்டது. கணக்கு வராத மணி நேரத்தை எல்லாம் பூச்சியம் என்று நிரப்பிவிட்டது. வரவில்லை என்பதும் பெய்யவில்லை என்பதும் ஒன்றா? அந்தத் தாளில் கையெழுத்து வைத்தவர் அதே இஞ்சினியர். மெஷின் பொய் சொல்லவில்லை. மெஷின் சொன்னதைக் கேட்காதவர்கள்தான் பொய் சொல்கிறார்கள்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். எண்ணிய கணக்கு பெட்டிக்குள்ளேயே அறுபது நாள் இருக்கும். அதன் பிறகு புதுக் கணக்கு பழையதை அழிக்கும். ஜூலை 8 எங்கள் கடைசி நாள். பெட்டியை நிறுத்தி வைத்தால் அழியாது, ஆனால் ஃபெக்டரிச் சாவி உங்களிடம் இல்லை. கணக்கைத் தரும்படி ஆபீசில் கேட்டேன். மறுநாள் என் கடவுச்சொல்லை நிறுத்திவிட்டார்கள்.

அதனால் வேறு ஒரு பெக்கேஜ் கட்டுகிறேன். என்னுடன் அறையில் இருக்கும் ஆஸியா தன் லெப்டொப்பைத் தந்திருக்கிறாள். பெட்டியை அதிகாரியின் லெப்டொப்புடன் ஒரு வயரால் இணைத்தால், பெட்டி தன்னிடம் உள்ள கணக்கை அப்படியே அவருடைய திரையில் காட்டும். அதிகாரிக்கு நான் என் சொந்தப் பெயரில் சத்தியக் கடதாசி அனுப்பியிருக்கிறேன். தன் முன்னால் எடுத்துக் காட்டினால் ஏற்றுக்கொள்வதாகத் தொலைபேசியில் சொன்னார். 20ஆம் திகதி தோட்டத்துக்கு வருகிறார்.

நான் வர முடியாது. இஞ்சினியரும் வருகிறார், நான் தொட்டால் கணக்கை நான் மாற்றினேன் என்பார். நீங்கள்தான் செய்ய வேண்டும். இதனுடன் ஒரு மெமரி கார்ட் வைத்திருக்கிறேன், புரோகிராம் அதில் இருக்கிறது. பெட்டியின் பக்கத்தில் உள்ள பிளவில் அதைச் செருகுங்கள். மற்றத் தாளில் எழுதியுள்ள இரண்டு வரியையும் அதிகாரியின் லெப்டொப்பில் எழுத்துப் பிசகாமல் அடியுங்கள். இடைவெளி விட்டிருக்கும் இடத்தில் இடைவெளி விடுங்கள். அதுவும் ஓர் எழுத்துதான்.

ஜெனிற்றா

----

மேல்கணக்கு,
21.06.2007

ஜெனிற்றா,

நேற்று என் மானம் போனது.

ஃபெக்டரியில் பெட்டிக்கு முன்னால் மேசை போட்டிருந்தார்கள். அதிகாரி, துரை, உன் இஞ்சினியர், தொழிற்சங்கத் தலைவர் ஸ்ரீதரன், லயத்து ஆட்கள் இருபது பேர். மூன்று நாள் சாலி நானாவின் கடையில் உட்கார்ந்து, அந்த இரண்டு வரியையும் கடதாசிப் பையில் எழுதி எழுதிப் பார்த்திருந்தேன். அதிகாரி "ஹரி, கரலா பலன்ன" என்றார், செய்து பார் என்று. கார்டைச் செருகினேன். முதல் வரியை அடித்தேன். ஏற்றிவிட்டதாகப் பதில் வந்தது. இரண்டாவது வரியை அடித்தேன். 'கிடைக்கவில்லை' என்று இங்கிலீசில் வந்தது.

திரும்ப அடித்தேன். கிடைக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் வரியை நீ தாளின் ஓரத்தில் எழுதியிருந்தாயே, அதையும் அடித்தேன். நீ அனுப்பியது அங்கே இருக்கிறது. பெயர் தெரிகிறது. கூப்பிட்டால் இல்லை என்கிறது. இது என்ன நியாயம்?

உன் இஞ்சினியர் சிரித்தார். "பல்ப் மாற்றுகிற ஆளை வைத்துக்கொண்டு கம்பியூட்டர் வேலை பார்க்கிறார்களே" என்று இங்கிலீசில் துரையிடம் சொன்னார். எனக்கு விளங்காது என்று நினைத்திருப்பார். பதினெட்டு வருஷம் இந்த ஃபெக்டரியின் மோட்டர்களை எரியாமல் பார்த்துக்கொண்டவன் நான். அவருடைய பெட்டிக்கு வயர் இழுத்ததும் நான்தான்.

துரை எழுந்து போகப் பார்த்தார். அப்போது மரியாயி முன்னால் வந்தாள். சிங்களத்தில் அதிகாரியிடம் நேராகவே பேசினாள்: "மாத்தயா, எங்களுக்கு அறுபத்து நாலு வருஷமா ஒழுகுற லயத்தைக் குடுத்தவங்க ஒரு நாளும் அவசரப்படல. இன்னைக்கு ஏன் அவசரப்படுறாங்க? இன்னொரு நாள் குடுங்க." அதிகாரி டயரியைப் பார்த்து ஜூலை 5 என்றார்.

பெட்டி சொன்னதை எழுத்து எழுத்தாக இந்தத் தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை சரியாகச் செய். உன்னால் முடியாது என்றால் அதையும் சொல். பன்னிரண்டு குடும்பத்தை இன்னொரு தடவை கூட்டி நிற்க வைத்து எல்லார் முன்னாலும் சிரிப்பாக்க என்னால் முடியாது.

லியோன்

----

தெகிவளை,
26.06.2007

அண்ணே,

பிழை என்னுடையது. நீங்கள் ஓர் எழுத்தும் பிசகவில்லை.

நான் கட்டிய புரோகிராம் தனியாக ஓடாது. அது ஓடுவதற்குத் துணையாகச் சில பொதுப் புரோகிராம்கள் பெட்டியில் இருக்க வேண்டும். ஆபீசில் கட்டும்போது பெட்டிக்கு ஏற்ற துணைகள் அங்கேயே இருந்தன. ஆஸியாவின் லெப்டொப்பில் இருந்தவை வேறு. அதைக் கவனிக்காமல் கட்டி அனுப்பினேன். பெட்டி 'கிடைக்கவில்லை' என்று சொன்னது நான் அனுப்பியதை அல்ல, அது தேடிய துணையை. யாரையும் குழப்பும் பதில் அது. எனக்கே மூன்று நாள் பிடித்தது.

இப்போது துணைகளையும் சேர்த்து உள்ளேயே வைத்துக் கட்டிவிட்டேன். வெளியே ஒன்றையும் தேடாது. ஆனால் பெரிதாகிவிட்டதால் பெட்டிக்குள் இடம் போதாது. கார்டில் இருந்தபடியே ஓடும். வேலை முடியும் வரை யாரையும் கார்டை எடுக்க விடாதீர்கள்.

சோதிக்க என்னிடம் பெட்டி இல்லை. பெட்டியைப் போல நடிக்கும் ஒரு புரோகிராமை லெப்டொப்பில் போட்டு நாற்பது தரம் ஓட்டிப் பார்த்தேன். நாற்பது தரமும் ஓடியது. முன்பு நூறு தரம் சோதித்தேன் என்று பெருமையாக எழுதியவள்தான் நான். அதனால் இதற்கு மேல் சத்தியம் செய்யவில்லை.

ஒன்று முக்கியம். திரையில் 1970 என்றுதான் வரும். இஞ்சினியர் அதைப் பிடித்துக்கொள்வார். 8ஆம் திகதி 11.40க்குக் கரண்ட் வந்தபோது பெட்டிக்கு 1970 ஜனவரி 1, காலை 5.30. அங்கிருந்து எண்ணினால் மலை சரிந்த நாலு மணி, பெட்டிக்கு ஜனவரி 2, காலை 9.50. இதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. உங்கள் மின்சாரப் புத்தகம் இருக்கிறது. அதைக் கொண்டு வரச் சொல்லி அதிகாரியிடம் இன்றே எழுத்தில் கேளுங்கள்.

ஜெனிற்றா

----

மேல்கணக்கு,
06.07.2007

ஜெனிற்றா,

சாலி நானாவின் கடையில் நின்றுகொண்டே எழுதுகிறேன். வீட்டுக்குப் போனால் ஆட்கள் விட மாட்டார்கள்.

ஓடியது.

வயரை இணைத்து, கார்டைப் போட்டு இரண்டு வரியை அடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் 'தயார்' என்று வந்தது. கணக்கைக் கேட்கும் விசையை அதிகாரியே தன் லெப்டொப்பில் தட்டினார். கடகடவென்று வரிகள் இறங்கின. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "எழுபதாம் வருஷமா?" என்று கேட்டார்.

உன் இஞ்சினியர் அந்த நொடிக்குக் காத்திருந்த மாதிரி எழுந்தார். கெட்டுப்போன கணக்கு, குப்பை, இதற்கு ஒரு பெறுமதியும் இல்லை என்றார்.

நான் மின்சாரப் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். என் கையெழுத்து. கீழே ஃபெக்டரி ஒஃபிசரின் ஒப்பம். அதிகாரி ஒரு தாளை எடுத்து, தானே கணக்குப் போட்டார். போட்டுவிட்டு ஆட்கள் பக்கம் திரும்பி, "மலை சரிந்தது எத்தனை மணிக்கு?" என்றார். இருபது வாயும் ஒன்றாக "நாலு மணி" என்றது. அவர் திரையில் ஜனவரி 2, 9.50 என்ற இடத்தில் விரலை வைத்தார். அதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் மட்டும் வாளி எழுபத்திரண்டு தரம் கவிழ்ந்திருக்கிறது. கரண்ட் வந்ததிலிருந்து மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு தரம். முந்நூற்று ஆறு மில்லிமீற்றர். பூச்சியம் என்று கையெழுத்து வைத்தார்களே, அந்த இரண்டு நாளின் மழை.

அதோடு முடியவில்லை. அதிகாரி கீழே இறக்கிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்றார். மே 12ஆம் திகதி காலை பத்து மணிக்கு யாரோ பெட்டியின் திகதியைக் கையால் மாற்றியிருக்கிறார்கள். 1970 ஜனவரி 3 என்றிருந்ததை 2007 மே 12 ஆக்கியிருக்கிறார்கள். அதையும் பெட்டி எழுதி வைத்திருக்கிறது.

"அழகம்மாவைப் புதைத்த மறுநாள்" என்றார் ராமச்சந்திரன் அண்ணன். அவருக்குத் திகதி மறக்குமா?

அதிகாரி இஞ்சினியரிடம் கேட்டார்: "இதைத் திருத்தியது யார்?"

"வழக்கமான பராமரிப்பு."

"திருத்தியவர் எழுபது என்று இருந்ததைப் பார்த்துத்தானே திருத்தினார்? பார்த்த பிறகுதானே, 22ஆம் திகதி என்னிடம் பூச்சியம் என்று தாள் தந்தீர்கள்?"

இஞ்சினியர் தன் தாள்களை அடுக்கினார். துரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்திருக்கிறது, ஜெனிற்றா. மலை சரிந்த மூன்றாம் நாளே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே எங்கள் போஞ்சிப் பாத்தியின் மேல் பழியைப் போட்டார்கள். எனக்கு அந்த மேசையைப் புரட்டிப் போட வேண்டும் போல் இருந்தது. ஸ்ரீதரன் என் தோளைப் பிடித்திருந்தார்.

நீ செய்ததை மறந்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். ஆனால் அதிகாரி "இந்தப் புரோகிராமைக் கட்டியது யார்?" என்று கேட்டபோது, "எந் தங்கச்சிங்க, இந்த லயத்துப் பிள்ளதான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

லியோன்

----

தெகிவளை,
16.07.2007

அண்ணே,

உங்கள் கடிதத்தை ஆஸியாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பகுதியை அவளே வாங்கி வாசித்தாள்.

கம்பனி என்னை நீக்கிவிட்டது. ஒழுக்கமீறலாம். கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். போகும்போது இஞ்சினியரைப் பார்த்தேன். நேரம் திருத்தும் சேவையை அடுத்த வருஷத்துப் பெட்டியில் சேர்ப்பதாக முடிவாகியிருக்கிறது என்றார், ஏதோ எனக்கு நல்ல செய்தி சொல்வது போல. "அடுத்த வருஷம் வரைக்கும் மழை பெய்யாதா?" என்று கேட்டேன். "உனக்கேன் இவ்வளவு கோபம்?" என்றார். "நான் தெல்கஹமலைத் தோட்டத்தில் ஏழாம் லயத்துக்குக் கீழே ஆறாம் லயத்தில் பிறந்தவள்" என்றேன். நான்கு வருஷம் வேலை செய்த இடத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னேன். நீக்கிய பிறகு சொல்வதில் என்ன தைரியம் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

இதே பெட்டி இன்னும் ஏழு இடத்தில் இருக்கிறது. நான்கு உங்கள் மாவட்டத்தில், மூன்று கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில். ஏழுக்கும் கடிகாரம் இல்லை. ஏழும் கரண்ட் போனால் எழுபதுக்குப் போகும். ஒக்டோபர் மழை அவற்றின் கீழே இருக்கும் லயங்களிலும் பெய்யும். வெள்ளிக்கிழமை பஸ் ஏறிக் கேகாலைக்குப் போனேன். மாவட்ட செயலகத்தில் நான்கு மேசை மாற்றினார்கள். நான்காவது மேசையில் இருந்த பெண், "உங்க கம்பனியிலிருந்து கடிதம் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் நேரம் திருத்தும் பெக்கேஜ் இருந்த கார்டை அவர் மேசையில் வைத்தேன். "இது அந்தப் பெட்டிக்கு மணி சொல்லும். ஏற்றுவதற்குப் பத்து நிமிஷம் போதும். ஏற்றாவிட்டால் யார் ஏற்றவில்லை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விசாரணையில் கேட்பார்கள்" என்றேன். அவர் என் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டார். நாளை மறுபடி போகிறேன். ஏற்றும் வரை போவேன்.

அறிக்கை எப்போது வருகிறது?

ஜெனிற்றா

----

மேல்கணக்கு,
02.09.2007

ஜெனிற்றா,

அறிக்கை வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே எழுதாததற்குக் காரணம் உண்டு.

மழை முந்நூற்று ஆறு மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தார்கள். இயற்கை அனர்த்தம் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். நர்சரிக்குக் கீழே, சரிவில்லாத இடத்தில், பன்னிரண்டு குடும்பத்துக்கும் ஏழு ஏழு பேர்ச்சஸ் வீட்டுக் காணி. போஞ்சிப் பாத்தியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆபீசில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காணிக் கடிதம் கொடுத்தார்கள். எல்லாருக்கும் முகம் மலர்ந்தது.

ஸ்ரீதரன் அறிக்கையை முழுவதும் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். பதினோராவது பக்கத்தில் நிறுத்திவிட்டார். "மிச்சத்தையும் வாசி தம்பி" என்றார் ராமச்சந்திரன் அண்ணன். வாசித்தார். 'இறந்த பெண், பாதுகாப்பான இடத்திலிருந்து தன் சொந்தக் கவனயீனத்தால் திரும்பிச் சென்றார்.'

கவனயீனம்! கரண்ட் போனால் கண்ணை மூடும் பெட்டியை அனுப்பியவனுக்கு அந்தச் சொல் இல்லை. எச்சரிக்கை வரவில்லை, வேலையைப் பார் என்று சொன்னவனுக்கு இல்லை. திகதியைத் திருத்திவிட்டு வாயை மூடியவனுக்கு இல்லை. இருபது பக்கத்தில் அந்தச் சொல் ஒரே ஓர் ஆளுக்குத்தான் கிடைத்திருக்கிறது, செத்துப் போனவளுக்கு.

ராமச்சந்திரன் அண்ணன் சத்தம் போடவில்லை. காணிக் கடிதத்தைக் கிளாக்கர் மேசையில் வைத்தார். "இத எடுத்தா அதயும் ஏத்துக்கிட்ட மாதிரி. எனக்கு வேணாங்க" என்றார். துரை வெளியே வந்தார். ஒரு குடும்பம் வாங்காவிட்டால் திட்டமே நின்றுபோகும், அப்புறம் ஒருவருக்கும் வீடு இல்லை என்றார். பயமுறுத்திப் பார்த்தார்.

மரியாயி அங்கேதான் நின்றாள். "அப்ப ஒருத்தருக்கும் வேணாம் தொரை" என்றாள். எங்களுக்குக் காணி இல்லை, நாங்கள் ஆறாம் லயம், அதனால் அவளுக்குச் சொல்வது சுலபம் என்று நினைத்தேன். ஆனால் அடுத்தது மல்லிகா போய்த் தன் கடிதத்தை வைத்தாள். மூன்று பிள்ளைகளோடு பிள்ளைக் காம்பிராவில் கிடக்கிறவள் அவள். அப்புறம் அந்தனி மாமா. ஒவ்வொருவராய்ப் பன்னிரண்டும் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டன. அன்றிலிருந்து பதினேழு நாள் அந்தப் பன்னிரண்டு தாளும் அங்கேயே கிடந்தன. மேல்கணக்கிலிருந்து ஓர் ஆளும் பிரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போகவில்லை. கொழுந்து முற்றிப் போனது.

முந்தாநாள் அதிகாரி தானே வந்தார். திருத்திய பக்கம் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். பழைய வரி இல்லை. 'உரிய எச்சரிக்கை கிடைக்காத நிலையில், அத்தியாவசிய ஆவணம் ஒன்றை எடுக்கச் சென்றபோது இறந்தார்' என்று இருந்தது. ஸ்ரீதரன் வாசித்தார். ராமச்சந்திரன் அண்ணன் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"இப்போது திருப்தியா?" என்று அதிகாரி கேட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் களைத்திருந்தார். "ஒரு வரிக்காகப் பன்னிரண்டு வீட்டைப் பதினேழு நாள் நிறுத்தி வைத்தீர்களே."

அண்ணன் சொன்னார்: "அவ செஞ்சது சரின்னு எழுதச் சொல்லலீங்க. அவமேல தப்புன்னு எழுதாதீங்கன்னுதான் சொன்னோம்."

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு, காணிக் கடிதத்தில் ஒப்பம் வைக்கப் பேனையைத் தந்தார்.

எனக்கு இன்னும் வேலை திரும்பவில்லை. மாடியைத் திறந்தது குற்றம்தானாம். தொழில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். உன் இஞ்சினியரை அந்த நாளுக்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்று அறிகிறேன். கேட்கும் வரை நானும் விடப் போவதில்லை. நீ கேகாலையில் எத்தனை பெட்டிக்கு மணி சொல்லிக் கொடுத்தாய் என்று எழுது.

நாளைக்குக் காணி அளக்க வருகிறார்கள். கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் போகிறேன்.

உன் அண்ணன்,
லியோன்